ஏழு நாள் விருந்தாளி

பனிக்காலத்தின் நடுவில் மலைக்கோயிலுக்கு ஒரு கடிதம் வந்தது.

பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் தோமி என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய தாய் சாகக் கிடந்த நாட்களில் அந்தக் கோயிலின் பிக்குணி மியோகான் பக்கத்தில் உட்கார்ந்து சூத்திரம் ஓதியிருந்தார். அதை அவள் மறக்கவில்லை. ‘என் விடுதிக்கு வந்து ஏழு நாள் தங்க வேண்டும். கூட ஒருவரையும் அழைத்து வாருங்கள். நீங்கள் விருந்தாளிகளாக இருந்தால் போதும்’ என்று எழுதியிருந்தாள்.

மியோகான் படித்து முடித்தார். “போகலாம்” என்றார்.

சிஷ்யை ஜோரினுக்கு அது பிடிக்கவில்லை.

மியோகானுக்கு வயது நாற்பத்து நான்கு. ஒன்பது வயதிலேயே தலை மழித்துக்கொண்டவர். ஜோரினுக்கு வயது அறுபத்தொன்று. சோயா சாறு காய்ச்சி விற்கும் ஒரு பெரிய வீட்டில் முதலில் மருமகளாகவும் பிறகு எஜமானியாகவும் இருந்தவர். நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். கணவர் காலமானதும் துறவுக்கு வந்தார். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. தன்னைவிடப் பதினேழு வயது மூத்த இந்தச் சிஷ்யையை மியோகான் ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார்.

“குருவே, துறவிகளுக்கு விடுதி எதற்கு?” என்றார் ஜோரின்.

“வெந்நீருக்கு.”

“வெந்நீர் நான் வைத்துத் தருகிறேனே.”

“தருகிறீர்கள்” என்றார் மியோகான். “நாளைக் காலையில் கிளம்பிவிடலாம்.”

பனியில் நடந்து மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் கந்தக வாசனை வந்தது. பிறகு தேவதாரு மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஆவி எழுவது தெரிந்தது. கடைசியில்தான் விடுதியின் கூரை கண்ணில் பட்டது.

வாசலில் தோமி தரையில் கைகளை ஊன்றி வணங்கினாள். அவளுக்குப் பின்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் மரத்தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு வந்தாள். பெயர் ஷிமே. விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. நடந்து வந்தவர்களின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப்போவது அந்த விடுதியின் வழக்கம்.

மியோகான் படியில் உட்கார்ந்து காலைத் தொட்டிக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! உன் பெயர் என்ன அம்மா?”

“ஷிமே.”

“ஷிமே, இந்தச் சுகத்துக்காகவே திரும்பிப் போய் இன்னொரு தடவை நடந்து வரலாம் போலிருக்கிறது.”

ஷிமேயின் முகம் மலர்ந்தது.

அடுத்தது ஜோரின். ஷிமே அவர் பாதத்தைத் தொட்டதும் அவர் காலை இழுத்துக்கொண்டார். “வேண்டாம், வேண்டாம். நானே கழுவிக்கொள்கிறேன். நீ எழுந்திரு.”

“இது வழக்கம் அம்மா.”

“இருக்கட்டும், தொட்டியைக் கொடு.”

ஒருத்தி ஒரு பக்கம் இழுக்க, இன்னொருவர் மறுபக்கம் இழுக்க, தொட்டி கவிழ்ந்தது. தோமியின் வெள்ளைக் காலுறைகள் நனைந்துபோயின. மியோகான் சிரித்துவிட்டார். ஷிமே துணி எடுத்துவர உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் ஜோரின் தன் அங்கி நுனியாலேயே தரையைத் துடைத்து முடித்திருந்தார்.

ஷிமே துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர்களுக்குக் கொடுத்த அறை ஓடையைப் பார்த்து இருந்தது. கோரைப்பாய் தைத்த தரை. தள்ளித் திறக்கும் காகிதக் கதவுகள். நடுவில் கரி போட்ட கணப்பு. உடுத்திக்கொள்ள மடித்த பருத்தி அங்கிகளை ஷிமே கொண்டுவந்தாள். குளிரில் அவள் விரல்களின் கணுக்கள் வீங்கியிருந்தன. அங்கியைச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது.

ஜோரினுக்கு மனம் கேட்கவில்லை. “கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஷிமே படுக்கைகளை மடிக்க வந்தாள். அவை மடித்து அலமாரிக்குள் ஏறியிருந்தன. முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஜோரின் அதற்கு முன்பே போய் எடுத்துவந்திருந்தார். சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுக்க வந்தாள். அவை கழுவித் துடைத்துக் கதவோரம் அடுக்கியிருந்தன.

“அம்மா, இதெல்லாம் என் வேலை.”

“பரவாயில்லை ஷிமே. உன் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.”

ஷிமே குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அவள் மனசுக்குள் நன்றி சொல்லியிருப்பாள் என்று ஜோரின் நினைத்துக்கொண்டார்.

மியோகான் வேறு மாதிரி இருந்தார். கொடுத்த மெத்தையில் உட்கார்ந்தார். வந்ததையெல்லாம் சாப்பிட்டார். ஊறவைத்த முள்ளங்கித் துண்டு ஒன்றை வாயில் போட்டவர், “இதை யார் ஊறவைத்தது?” என்று கேட்டார்.

“நான்தான் அம்மா” என்றாள் ஷிமே.

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

ஷிமே ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். குருவே இப்படி வாய்விட்டுக் கேட்கிறாரே என்று ஜோரினுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று பிற்பகல் பெண்கள் குளிக்கும் நேரத்தில் மியோகான் அவரிடம், “போய் ஊற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்” என்றார்.

குளிக்கும் இடம் விடுதிக்குப் பின்னால் பாறைகளுக்கு நடுவே இருந்தது. முதலில் கரையில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் ஊற்றில் இறங்க வேண்டும். தலையில் பனி விழும். கழுத்துக்குக் கீழே கொதிக்காத குறையாகச் சூடு இருக்கும். வருகிறவர்கள் பொழுது போவது தெரியாமல் அதில் கிடப்பார்கள்.

ஜோரின் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்.

“உட்கார்ந்தீர்களா?”

“உட்கார்ந்தேன் குருவே. வாளிகளில் பாசி பிடித்திருந்தது. எல்லாவற்றையும் தேய்த்து வைத்துவிட்டேன்.”

மியோகான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எத்தனை வாளி?”

“பதினான்கு.”

“நல்லது” என்றார் மியோகான்.

மூன்றாம் நாள் பனி கனமாக விழுந்தது. யாரும் வெளியே போகவில்லை. கணப்பின் அருகே உட்கார்ந்திருந்தபோது ஜோரின் கேட்டார்.

“குருவே, வீட்டை விட்டேன். பிள்ளைகளை விட்டேன். முடியை விட்டேன். ஓதாக்கி என்ற பெயரையும் விட்டேன். ஆனாலும் தியானத்துக்கு உட்கார்ந்தால் மனம் எழுந்து எழுந்து ஓடுகிறது. நான் இன்னும் எதை விடவில்லை?”

தோமி அனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள் ஒரு கூடையில் இருந்தன. மியோகான் அதில் ஒன்றை எடுத்து நீட்டினார். “இந்தாருங்கள்.”

ஜோரின் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். தோலை உரித்தார். சுளைகளைப் பிரித்தார். ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருந்த வெள்ளை நாரை எடுத்துச் சுத்தம் செய்தார். ஒரு தட்டில் பூப்போல அடுக்கிக் குருவின் முன்னால் வைத்தார்.

மியோகான் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார்.

“இனிப்பாக இருக்கிறதா குருவே?”

“இருக்கிறது. கொடுத்ததும் நான். தின்பதும் நான்.”

ஜோரினுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று மட்டும் இருந்தது. ஆரஞ்சுத் தோல்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்.

நான்காம் நாள் காலை. ஜோரின் வழக்கம்போலப் படுக்கைகளை மடித்துக்கொண்டிருந்தார். கதவு மெதுவாக நகர்ந்தது. வெளியே ஷிமே மண்டியிட்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“அம்மா, ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.”

“கேள்.”

“நான் என்ன தப்பு செய்தேன்?”

ஜோரின் திகைத்துப்போனார். “தப்பா? நீ ஒன்றும் செய்யவில்லையே!”

“விடுதித் தலைவியம்மாவும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை என்று.”

அவள் மெல்லச் சொன்னாள். விருந்தாளியாக வந்த துறவியம்மாள் தானே தண்ணீர் எடுக்கிறார், தானே தட்டு கழுவுகிறார், குளிக்கப் போன இடத்தில் வாளி தேய்க்கிறார் என்று விடுதி முழுக்கப் பேச்சாகிவிட்டதாம். ஷிமேயின் வேலை அவ்வளவு மோசம் என்று தோமி முடிவு செய்துவிட்டாளாம். ஏற்கெனவே கை விறைத்து வேகம் குறைந்துவிட்டது என்ற குறை இருந்திருக்கிறது. இந்த இரண்டு துறவிகளும் கிளம்பிய மறுநாள் ஷிமேயும் கிளம்ப வேண்டும்.

“எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய்?”

“இருபத்திரண்டு வருஷம்.”

“எங்கே போவாய்?”

“கடற்கரைப் பக்கம் அண்ணன் வீடு இருக்கிறது அம்மா. அண்ணன் இல்லை. அண்ணிதான் இருக்கிறாள். அவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது.”

ஜோரின் கையிலிருந்த படுக்கையை அப்படியே போட்டுவிட்டு தோமியைத் தேடிப் போனார்.

தோமி சமையற்கட்டில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். ஜோரின் மூச்சிரைக்கச் சொன்னார். “ஷிமே மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அவளுக்குக் கை வலிக்கிறதே என்று செய்தேன்.”

தோமி அளப்பதை நிறுத்தினாள். “உங்களுக்கு இளகிய மனசு. எனக்குத் தெரியும்.”

“இல்லை, இது உண்மை.”

“நீங்கள் அவளுக்காகப் பேசுவீர்கள் என்றும் தெரியும். அவள் கையைப் பார்த்து உங்களுக்கே இரக்கம் வந்திருக்கிறது பாருங்கள். ஓய்வுக்கு வருகிறவர்கள் வேலைக்காரியின் கையைப் பார்த்து வருத்தப்படலாமா? துறவிகளைப் பாத்திரம் கழுவவிட்ட விடுதி என்று நாளைக்கு ஊர் பேசினால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?” அவள் குரல் தணிந்தது. “நான் கல்நெஞ்சுக்காரி இல்லை அம்மா. வெறுங்கையோடு அனுப்பமாட்டேன்.”

ஜோரின் இன்னும் மன்றாடினார். எவ்வளவுக்கு எவ்வளவு மன்றாடினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு தோமியின் முகத்தில் அந்த மரியாதைப் புன்னகை உறுதியானது. கடைசியில் ஜோரின் வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

மியோகான் சன்னலோரம் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குருவே, நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.” ஜோரின் நடந்ததைச் சொன்னார்.

மியோகான் முழுவதையும் கேட்டார். “நான் சொன்னால் தோமி கேட்பாள்.”

“அப்படியென்றால் சொல்லுங்கள்.”

“கேட்பாள். ஷிமேயை வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் அவளைப் பார்க்கும்போது, பிக்குணி சொன்னதற்காக வைத்திருக்கிறேன் என்று நினைப்பாள். ஷிமேயும் அப்படித்தான் நினைப்பாள். அந்தச் சோறு அவளுக்கு இறங்குமா?”

“நான் என்ன செய்யட்டும்?”

“இன்னும் மூன்று நாள் இருக்கிறது. விருந்தாளியாக இருங்கள்.”

“அதனால் அவள் வேலை நிலைக்குமா?”

“தெரியாது” என்றார் மியோகான்.

அன்று காலை முழுவதும் ஜோரின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணப்பில் கரி குறைந்தது. எழுந்து போடப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். பாதி மடித்த படுக்கை மூலையில் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது வருஷம் வேலைக்காரர்கள் எழுவதற்கு முன்பே எழுந்தவர் அவர். அந்த வீட்டில் மாமியார் ஒரு நாளும் அவரை மெச்சியதில்லை. எதுவும் கேட்காதவளிடம் யாரும் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது என்பதை அவர் பதினேழாவது வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்.

“ஷிமேயைக் கூப்பிடுங்கள்” என்றார் மியோகான்.

ஜோரின் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

“நான் வேண்டுமானால் வெளியே போகிறேன்” என்று மியோகான் எழுந்து போய்விட்டார்.

ஜோரின் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஷிமே” என்றார். அது அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். மூன்றாம் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு கூப்பிட்டார்.

“ஷிமே!”

விடுதியே திரும்பிப் பார்த்திருக்கும். ஷிமே ஓடிவந்தாள். “என்ன அம்மா? என்ன ஆயிற்று?”

ஜோரினுக்கு அப்போதுதான் தெரிந்தது, எதற்குக் கூப்பிடுகிறோம் என்று தான் யோசித்து வைக்கவே இல்லை.

“எனக்கு...” என்றார். “எனக்கு என்ன வேண்டும்?”

ஷிமே அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை பாதங்களில் நின்றது. “குதிகாலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறதே அம்மா. நடக்கும்போது வலிக்கவில்லையா?”

“வலிக்கிறது” என்றார் ஜோரின். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார்.

ஷிமே வெடிப்புக்குப் போடும் பூவிதை எண்ணெயை எடுத்துவந்து கணப்பில் காட்டிச் சூடாக்கினாள். ஜோரினின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜோரின் இந்தத் தடவை காலை இழுக்கவில்லை. பாயின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். ஷிமேயின் விரல்கள் வேகமாக மடங்காது. அதனால் ஒவ்வொரு வெடிப்பிலும் அவை நின்று, எண்ணெய் உள்ளே இறங்கியபின் நகர்ந்தன.

“அந்தக் காலையும் கொடுங்கள்” என்றாள் ஷிமே.

கொடுத்தார்.

ஐந்தாம் நாள் பிற்பகல் ஜோரின் ஊற்றுக்குப் போனபோது தனியாகப் போகவில்லை. ஷிமேயை அழைத்துக்கொண்டு போனார். கரையில் ஒரு சிறிய மரமணையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினார். ஷிமே தவிடு கட்டிய துணிப் பையை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஆவி இருவரையும் மூடியிருந்தது. முகம் தெரியாத அந்த வெள்ளையில் ஜோரின் பேசினார்.

“கல்யாணம் ஆகிவந்த பிறகு என் முதுகை யாரும் தேய்த்ததில்லை.”

“உங்கள் வீட்டில் ஆட்கள் இருந்திருப்பார்களே அம்மா.”

“இருந்தார்கள். நான் விட்டதில்லை.”

ஷிமே தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“என் கணவர் கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘ஓதாக்கி, நாற்பது வருஷம் ஆகிவிட்டது. என்னிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்? இப்போதாவது சொல்’ என்றார். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் பேசிக் களைத்துப்போகாதீர்கள்’ என்றேன். நல்ல பெண்சாதி அப்படித்தானே சொல்வாள்? அவர் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.”

“அப்புறம் பேசவே இல்லையா?”

“பேசினார். தண்ணீர் கேட்டார். மருந்து கேட்டார். அதை மட்டும் மறுபடி கேட்கவில்லை.”

தவிட்டுப் பை நின்றது. “அவர் கேட்டபோது உங்களுக்கு நிஜமாகவே ஒன்றும் வேண்டியிருக்கவில்லையா அம்மா?”

பாறைமேல் விழுந்த பனி சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்தது.

“பிடித்த கையை விடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது” என்றார்.

ஷிமே மரவாளியில் வெந்நீர் மொண்டு அவர் தோளில் மெதுவாக ஊற்றினாள். ஜோரினின் தோள்கள் குலுங்கின. தண்ணீரோடு தண்ணீராக எல்லாம் வழிந்தது.

இரண்டாவது வாளி தீர்ந்தது. ஷிமே வாளியைக் கீழே வைக்கப் போனாள்.

“இன்னும் கொஞ்சம் ஊற்று” என்றார் ஜோரின்.

அதன்பிறகு அவர் ஊற்றில் இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தார். ஷிமே கரையில் காலை நனைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். இருவரும் திரும்பி வந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது.

ஆறாம் நாள் விடுதியில் கேட்டதெல்லாம் ஒரே பெயர்தான். தலையணை தாழ்வாக இருக்கிறது, ஷிமே. அந்த எண்ணெயை இன்னொரு தடவை போட்டுவிடு, ஷிமே. முள்ளங்கி இருக்கிறதா, ஷிமே? ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஜோரினுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கேட்டார். ஷிமே ஒவ்வொரு தடவையும் வந்தாள். நடையில் முன்பைப்போல ஓரமாக ஒதுங்கிப்போகவில்லை. ஒரு தடவை இருவரும் எதற்கோ சத்தமாகச் சிரித்தது சமையற்கட்டுவரை கேட்டது.

“எனக்கும் இரண்டு துண்டு விட்டுவையுங்கள்” என்றார் மியோகான், காலியாகிக்கொண்டிருந்த முள்ளங்கிக் கிண்ணத்தைப் பார்த்து.

பிற்பகலில் தோமி வந்து கதவருகே உட்கார்ந்தாள். ஜோரின் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். கன்னங்கள் சின்னப் பெண்ணுக்குப் போலச் சிவந்திருந்தன. தோமி அந்த முகத்தையே பார்த்தாள்.

“அம்மா, நாளைக் காலையில் நீங்கள் கிளம்புகிறீர்கள். சேவையில் ஏதாவது குறை இருந்ததா என்று கேட்க வந்தேன்.”

ஜோரின் குருவைப் பார்த்தார். மியோகான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் மூன்று நாள் இருந்தது” என்றார் ஜோரின். “விருந்தாளியிடம்தான் குறை. அவளுக்கு விருந்தாளியாக இருக்கத் தெரியவில்லை.”

தோமி நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் ஷிமேக்காகப் பேசவில்லை தோமி அம்மா. எனக்காகக் கேட்கிறேன். அடுத்த பனிக்காலத்தில் நான் இங்கே வந்தால், என் முதுகை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன். எனக்கு ஷிமே வேண்டும்.”

தன் வாயிலிருந்து வந்த ‘எனக்கு வேண்டும்’ என்ற சொல்லைக் கேட்டு அவர் சற்று நின்றார். ஆனால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

தோமி தன் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். நாள் முழுக்க வணங்கி வணங்கி அவளுக்கு அங்கே எப்போதும் ஒரு வலி இருந்தது. “இந்த ஊற்று என் பாட்டன் காலத்திலிருந்து எங்களுடையது” என்றாள். “நான் அதில் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிறது. நேரமே இருப்பதில்லை. அவள் அவ்வளவு நன்றாகத் தேய்க்கிறாளா?”

“அவசரப்படமாட்டாள்” என்றார் ஜோரின்.

அன்று பெண்கள் குளிக்கும் நேரம் முடியப்போகிற வேளையில் தோமி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனதை விடுதியில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்தவள் சமையற்கட்டில், “தட்டு தூக்குவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். ஷிமே இனிமேல் குளிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

ஷிமே உடனே போய் ஜோரினிடம் அதைச் சொல்லவில்லை. முதலில் ஊற்றங்கரைக்குப் போய், கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தாள். அப்புறம்தான் சொன்னாள். ஜோரின் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை பனி நின்று வெயில் வந்திருந்தது. தோமியும் ஷிமேயும் பாலம்வரை கூட வந்தார்கள். பாலத்தருகே ஜோரினின் வைக்கோல் செருப்பின் முடிச்சு தளர்ந்திருந்தது. ஷிமே குனிந்தாள். ஜோரின் காலை நீட்டினார்.

“அடுத்த வருஷம் வரும்போது குதிகால் இப்படி இருந்தால் கோபித்துக்கொள்வேன்” என்றாள் ஷிமே.

“கோபித்துக்கொள்” என்றார் ஜோரின்.

ஏற்றம் தொடங்கியது. குரு முன்னால் நடந்தார். சிஷ்யை பின்னால் வந்தார். பாதி வழியில் பனி இல்லாத ஒரு பாறை கிடைத்தது. அதன்மேல் வெயில் அடித்தது. மியோகான் உட்கார்ந்தார். ஜோரின் வழக்கம்போல ஓரமாக நின்றார். பிறகு வந்து, அதே பாறையில், குருவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கீழே பள்ளத்தாக்கில் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

“குருவே, ஒன்று கேட்கலாமா?”

“கேளுங்கள்.”

“நாற்பது வருஷம் ஒரு வீட்டுக்குச் செய்தேன். இரண்டு வருஷமாக உங்களுக்குச் செய்கிறேன். தினமும் விடிவதற்கு முன் எழுந்து கஞ்சி காய்ச்சி உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். ‘நீங்களும் உட்காருங்கள்’ என்று நீங்கள் சொல்வீர்கள். ‘எனக்கு அப்புறம்’ என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவ்வளவும் தப்பா?”

மியோகான் அவர் பக்கம் திரும்பினார். அந்த வயதான முகத்தை அன்போடு பார்த்தார்.

“கஞ்சி நன்றாகத்தான் இருந்தது” என்றார். “தனியாகக் குடித்தேன், அவ்வளவுதான்.”